கட்டின பல்லும் கறுப்பு லேண்ட்மாஸ்டரும்

“…எல்லாம் ஒரே வரிசையா, ஒரே வெள்ளையா இருந்துச்சின்னா, அது கட்டின பல்லுன்னு தூர நிக்கிறவனுக்கே தெரிஞ்சிரும் தானே. அப்பிடி இருக்கு தம்பி உங்க வண்டி” என்றார் அக்கா.

போர்ட் பிளேரிலிருந்து போட்டில் போகிற ரங்கத் என்கிற ஊரில், காண்ட்ராக்டர் ஐயா வீட்டுக் கூடத்தில் நிற்கிறோம். கண்ணாடி ஷோகேஸுக்குள் நான் செய்த சின்னக் கறுப்பு லேண்ட்மாஸ்டர் கார் அப்போதுதான் ஏறி உட்கார்ந்திருந்தது. அக்கா செய்த கார் கீழே டீப்பாயில், டீ டம்ளர்களுக்கு நடுவில் கிடந்தது. என் ஆயுசில் அந்த அம்மாளை நான் ஜெயித்தது அந்த ஒரு தடவைதான். ஜெயித்த இனிப்பு தொண்டைக்குள் இறங்குவதற்குள் இப்படி ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டு அவர் என்ன செய்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அவர் யார், அவரைக் கண்டால் எனக்கு ஏன் வயிறு எரிந்தது என்பதை முதலில் சொன்னால்தான் அது விளங்கும்.

பேர் வேண்டாம். பேரைச் சொன்னால் போர்ட் பிளேரில் பாதிப் பேர் கையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அவர் கட்டிக் கொடுத்த பல்தான் இன்றைக்கும் அவர்கள் வாயில் இருக்கிறது. பல் ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்னறையில் உட்கார்ந்திருப்பார். பின்னால் ஒரு சின்ன அறையில் மெழுகும் மாவும் அரமும் வைத்துக்கொண்டு பல் செட்டு செய்கிற வேலை அக்காவுக்கு. மரைன் ஹில்லில் எங்கள் வீட்டுக்கு மேல் வரிசையில் அவர் வீடு. ஊரே அவரைப் ‘பல்லக்கா’ என்றது. முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபம் கிடையாது. “என் பல்லையா சொல்றீங்க, உங்க பல்லைத் தானே” என்பார்.

அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அக்கா பிறந்து வளர்ந்தது எல்லாம் தீவில்தான். ஆனாலும் பேச்சில் அந்த மலைநாட்டுத் ‘தானே’ போகவில்லை. எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு ‘தானே’ வைப்பார். ஆணி முழுசாய் இறங்கின பிறகும் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுகிற மாதிரி.

எனக்கு நம்பர் பிளேட்டும் ஸ்டிக்கரும் போடுகிற கடை. பள்ளிக்கூடத்தில் எனக்கு எழுத்து அழகாக வந்தது, வேறெதுவும் வரவில்லை. அந்த எழுத்தை வைத்தே பிழைத்துக்கொண்டேன். கப்பல் வராத நாட்களில் கடையில் ஆள் இருக்காது. அப்போது போர்டு வெட்டின மிச்சத்தையும் அக்ரிலிக் தகட்டையும் வெட்டி ஒட்டி, பழைய காலத்துக் கார்களைச் சின்னதாகச் செய்வேன். அடிக்கு அரை இஞ்சு கணக்கு. நிஜக் காரில் ஓர் அடி என்றால் என் காரில் அரை இஞ்சு. கம்பெனி வரைபடத்தை நெட்டிலிருந்து இறக்கி, அதே அளவுக்கு அச்சடித்து வெட்டுவேன். தீவு நெட் அப்போது ஆமை. ஒரு காரின் முன்பக்கம் இறங்குவதற்குள் இங்கே மழைக்காலமே முடிந்துவிடும். இந்தத் தீவில் இப்படிச் செய்கிறவன் நான் ஒருத்தன்தான் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதியைக் கெடுக்கத்தான் அக்கா ஸ்கூட்டருக்கு நம்பர் பிளேட் போட வந்தார்.

கடை மேசையில் என் வெள்ளை அம்பாசடர் நின்றது. வருகிற எல்லாரும் அதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். நானும் பிளக்கட்டும் என்று காத்திருப்பேன். அக்கா வாயைப் பிளக்கவில்லை. கைப்பையைத் திறந்து, பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கிற நீளக் காம்பு வைத்த சின்ன வட்டக் கண்ணாடியை எடுத்தார். அதை என் காருக்கு அடியில் விட்டுச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“என்னா தம்பி, கீழ ஒண்ணுமே இல்ல. குடல் இல்லாத ஆளு மாதிரி நிக்குது.”

“கீழ யாருக்கா பாக்கப் போறா?”

“நான் பாத்தேன் தானே.”

நம்பர் பிளேட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. எழுத்தெல்லாம் சாய்ந்தது. தானும் கார் செய்கிறேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்குத் தெரியவந்தது என் வீட்டுக்காரி மூலமாகத்தான். மேல் வரிசை வீட்டுக்கு மீன் குழம்பு கொடுத்துவிட்டு வந்தவள், காலிப் பாத்திரத்தோடு எங்கள் வாசலிலேயே நின்றாள். “ஏங்க, அந்தக்கா வீட்ல செருப்பு ஸ்டாண்டுல செருப்புக்குப் பதிலா காருங்க. நெஜமான காருங்க. ஆனா சின்னதா இருக்கு” என்றாள். நான் செய்ததைப் பார்த்து அவள் எப்போதும் ‘பொம்மை’ என்பாள். ‘நெஜமான காரு’ என்று அவள் வாயில் வந்ததே இல்லை.

போய்ப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அவருடையது அடிக்கு முக்கால் இஞ்சுக் கணக்கு. என்னுடையதைவிடப் பெரிசு. உடம்பு முழுக்கப் பல் செட்டு செய்கிற அக்ரிலிக். பம்பரும் கைப்பிடியும் பல்லுக்குக் கொக்கி வளைக்கிற எஃகுக் கம்பி. அடியில் சைலன்சர் குழாய்கூட இருந்தது, அதற்கு ஒரு தகர ஒட்டும் இருந்தது. வெளியூர்க் கார் ஒன்றுகூடக் கிடையாது. தீவில் ஓடின வண்டி, தீவில் நின்றுபோன வண்டி, அவ்வளவுதான். ஹேடோவில் ரிட்டயர் ஆன டாக்டர் ஒருத்தர் வைத்திருந்த ஹெரால்டு கார் இருந்தது. உப்புக்காற்று தின்ற கதவு ஓரம் வரைக்கும் அப்படியே இருந்தது. துருவுக்கு என்ன வைத்தீர்கள் என்று கேட்டேன். துரு என்றார். டாக்டர் வண்டியிலிருந்தே சுரண்டி எடுத்து வந்ததாம்.

எனக்குப் பிடிக்காத ஒரு சங்கதி இங்கே சொல்ல வேண்டும். அபர்தீன் பஜார் டாக்சி ஸ்டாண்டில் ராவ் பாய் என்று ஒரு தெலுங்குக்காரரின் அம்பாசடர் உண்டு. அதை நானும் செய்தேன், அக்காவும் செய்தார், ஒருத்தர் செய்தது மற்றவருக்குத் தெரியாமல். என்னுடையதை ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். டிரைவர்கள் சுற்றி நின்று, அம்பாசடர், பகுத் அச்சா, சூப்பர் என்றெல்லாம் சொன்னார்கள். யாருடைய வண்டி என்று ஒருத்தன்கூடக் கேட்கவில்லை. பின்னால் நம்பர் பிளேட்டைத் திருப்பிக் காட்டின பிறகுதான் ராவ் பாயே தன் வண்டி என்று சிரித்தார். கொஞ்ச நாள் கழித்து அக்கா தன்னுடையதை எடுத்துப் போனார். அதற்கு அவர் நம்பர் பிளேட்டே வைக்கவில்லை. டீக்கடைக்காரன் கடைக்குள்ளிருந்தே எட்டிப் பார்த்து, “அரே, யே தோ ராவ் பாய் கா காடி” என்றான், இது ராவ் பாய் வண்டியாச்சே என்று. டிரைவர் சீட்டில் ராவ் பாய் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம் இருந்ததாம். ஸ்டியரிங்கில் அவர் சுற்றியிருந்த சிவப்புக் கயிறு இருந்ததாம். நான் நம்பர் பிளேட் போடுகிறவன். என் வண்டியை அடையாளம் காட்ட நம்பர் பிளேட் வேண்டியிருந்தது. அவருக்கு அதுவும் தேவைப்படவில்லை. வயிறு எரியாதா?

வீட்டுக்காரி இதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் நான் மேல் வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றபோது சொன்னாள்: “நீங்க அந்தக்கா வீட்டைப் பாக்குற பார்வை சரியில்லங்க. ஆம்பளப் பார்வையா இருந்தாச் சண்டை போட்டு நிறுத்திப்புடுவேன். இதுக்கு நான் என்ன மருந்து குடுக்குறது?”

மருந்து இல்லை. ஒரு வழி மட்டும் இருந்தது. அக்காவிடம் குறை கண்டுபிடிப்பது. கண்டுபிடித்தேன். அக்காவுக்கு அழகு பிடிக்காது. இருப்பதை இருப்பதுபோல வைப்பார், அதற்கு மேல் ஒரு பொட்டு வைக்க மாட்டார். யாராவது கேட்டால் ஒரே பதில்: “இருக்குது தானே.” ஏன் அக்கா கீறலையும் வைத்தீர்கள் என்றால், இருக்குது தானே. ஏன் அக்கா சைடு கண்ணாடி ஒன்று இல்லை என்றால், இல்ல தானே.

பல் வேலையிலும் அப்படித்தான். வெற்றிலை போட்டே காலம் கழித்த ஒரு பெங்காலிப் பெரியவருக்குப் புதுப்பல் கட்டும்போது, அக்கா கேட்காமலே பல் இடுக்கில் காவிக் கறை ஏற்றிவிட்டார். டாக்டர் கத்தினாராம். பெரியவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் ஒரு கூடை எலுமிச்சம்பழத்தோடு வந்தார். கல்யாண வீட்டில் பழைய கூட்டாளிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டாராம், ஒருத்தனுக்கும் பல் மாறினது தெரியவில்லையாம். இந்தக் கதையை ஆஸ்பத்திரி வட்டாரத்தில் எல்லாரும் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வராது. அந்த எலுமிச்சம்பழக் கூடை என் கண்ணிலேயே நிற்கும். என் காரைப் பார்த்து ஒருத்தரும் ஒரு எலுமிச்சங்காய்கூடக் கொண்டுவந்ததில்லை.

அவர் அடக்கமான ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். தன் வேலை எப்படிப்பட்டது என்று அவருக்கு நன்றாகத் தெரியும், சொல்லவும் செய்வார். “என் பல்லு விழாது தம்பி. ஆளு விழுந்தாலும் பல்லு நிக்கும்” என்பார். என் கார்களைப் பற்றிக் கேட்டால் மட்டும் யோசித்துவிட்டு, “பெயிண்ட் நல்லா அடிக்கிறீங்க” என்பார். பெண் பார்க்க வந்தவன் காப்பி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போகிற மாதிரி.

இப்படி இருக்கும்போதுதான் ரங்கத்திலிருந்து காண்ட்ராக்டர் ஐயா சொல்லி அனுப்பினார்.

ஐயா ராமநாதபுரம் பக்கம். சின்ன வயசில் காட்டில் மரம் வெட்டுகிற வேலைக்கு ஆள் கூட்டிவந்து, பிறகு ரோடு, பாலம் என்று காண்ட்ராக்ட் எடுத்து, ரங்கத்திலேயே நின்றுவிட்டவர். அவருடைய லாரிகளுக்கெல்லாம் எழுத்து நான்தான். அவரிடம் ஒரு கறுப்பு லேண்ட்மாஸ்டர் இருந்தது. மெட்ராஸில் யாரோ ஓட்டிக் கழித்ததை வாங்கிக் கப்பலில் ஏற்றி வந்தது. அந்தப் பக்கத்தில் தமிழன், பெங்காலி, மலையாளி யார் வீட்டுக் கல்யாணமானாலும் பெண் ஏறுவது அந்த வண்டியில்தான். ரங்கத்தில் கொஞ்சம் வயசான எந்தப் பெண்ணைக் கேட்டாலும், அதில் ஏறி அழுதுகொண்டு போன கதை ஒன்று இருக்கும். இப்போது வண்டி ஓடுவதில்லை. சென்னையில் இருக்கிற மகன், பழைய கார் சேர்க்கிற ஒருவருக்கு அதைக் கொடுக்கப் பேசி முடித்துவிட்டான். அடுத்த மாசக் கப்பலில் மெயின்லேண்ட் போகிறது.

“வண்டி போகட்டும் அப்பு. அது மாதிரி சின்னதா ஒண்ணு செஞ்சு குடு. ஷோகேஸ்ல வச்சிக்கிறேன்” என்றார் போனில். எனக்கு நெஞ்சு விரிந்தது. விரிந்த நெஞ்சோடு இருக்கும்போதே அடுத்த வாக்கியம் வந்தது. பல் செட்டு செய்து கொடுத்த அந்த அம்மாவிடமும் சொல்லியிருக்கிறாராம். வாயில் மாவு வைத்து அச்சு எடுத்துக்கொண்டிருந்தபோது சொன்னாராம். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன பேசியிருக்க முடியும், அதை இந்த அம்மாள் எப்படிப் புரிந்துகொண்டிருக்க முடியும்?

ரெண்டு பேருமே செய்யுங்கள், பார்த்து ஒன்றை வைத்துக்கொள்கிறேன் என்றார் ஐயா. ரெண்டையும் வைத்தால் என்ன என்று கேட்டேன். “ரெண்டு வச்சா கடை மாதிரி ஆயிரும். என்கிட்ட இருந்தது ஒரு வண்டி” என்றார்.

அந்த ஷோகேஸ் எனக்குத் தெரியும். நடுத்தட்டில் காலமான அவர் மனைவியின் போட்டோ. அதற்குப் பக்கத்தில் ஒரு இடம். அந்த இடத்துக்காக நான் கோயிலுக்கு நேர்ந்துகொள்ளாதது ஒன்றுதான் குறை.

வண்டியைப் பார்க்கப் போன அன்றைக்கே அக்கா எனக்கு முன்னால் அங்கே இருந்தார். வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில், சாக்கை விரித்து, வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. மற்றவர்கள் அளவெடுக்கும்போது பேசக்கூடாது என்பார்கள், அவர் அடியில் கிடந்தபடியே என் வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்டார். பானெட் முனையில் இருக்கிற கம்பெனிச் சின்னத்தின் மேல் ரோஸ் கலர் மாவு அப்பியிருந்தது. வாயில் அச்செடுக்கிற அதே மாவு. கதவுக் கைப்பிடியிலும் அப்படியே. நான் போனில் நாலு பக்கமும் போட்டோ எடுத்தேன். என்னிடம்தான் கம்பெனி வரைபடம் இருக்கிறதே.

வண்டி கம்பெனியில் பிறந்த மாதிரியா இருந்தது? கப்பலில் சாமான் வருவதற்குள் பொறுமை போய், கையில் கிடைத்ததை வைத்து ஓட்டின வண்டி. பின்பக்கம் ஒரு விளக்கு லாரி விளக்கு. வைப்பர் ஜீப்புடையது. இடப்பக்கப் பின் மட்கார்டில், மரம் இழுக்கிற யானை ஒன்று என்றைக்கோ நெற்றியை வைத்துத் தள்ளின பள்ளம், ஒரு அண்டாவைக் கவிழ்க்கலாம் போல.

“அக்கா, அந்தப் பள்ளத்தையும் வைக்கப் போறீங்களா?”

அடியிலிருந்து குரல் வந்தது. “இருக்குது தானே.”

எனக்கு சந்தோஷமாகிவிட்டது. வையுங்கள் அக்கா, நன்றாக வையுங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பெண்ணைக் கட்டிக் கொடுக்கிறவன் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கேட்பது பெண்ணின் நல்ல போட்டோவைத்தானே தவிர, அம்மைத் தழும்பு தெரிகிற போட்டோவை இல்லை.

நான் ராப்பகலாக உழைத்தேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த மாதிரி ஒரு கறுப்பு நான் அதற்குப் பிறகும் அடித்ததில்லை. பூசிப் பூசித் தேய்த்து, தேய்த்துப் பூசி, கடைசியில் பானெட்டில் என் மூக்குத் தெரிந்தது. ரெண்டு பின்விளக்கும் கம்பெனி விளக்கு. மட்கார்டு பிறந்த குழந்தையின் முதுகு. அடியிலும் இந்தத் தடவை எல்லாம் வைத்தேன், சைலன்சர், பாரம் தாங்குகிற வில் மாதிரிக் கமான் பட்டை எல்லாம், கண்ணாடி வைத்துப் பார்க்கிறவர்களுக்காக.

கொடுக்கிற நாளில் ரங்கத் போட்டில் ரெண்டு பேரும் ஒன்றாகத்தான் போனோம். என் பெட்டி மடியில், அவர் பை அவர் மடியில். பையை இறக்கி வைக்கவே மாட்டேன் என்கிறார். நான் பேச்சுக் கொடுத்துக் கொடுத்துப் பார்த்தேன், எனக்கு ஒரு பக்கக் கதவையாவது காட்டக் கூடாதா என்று. லாங் ஐலண்டில் போட் நின்றபோது, இறங்கிப் போய் வடை வாங்கி வந்து நீட்டினேன். ஒரு கையால் வாங்கிச் சாப்பிட்டார், மறு கை பையின் மேலேயே இருந்தது. “உங்க பொறாமை வடையிலயும் காரமாத் தானே இருக்கு” என்றார். ஆள் ஒன்றும் தெரியாதவர் இல்லை.

ஐயா கூடத்தில் வேட்டி மாற்றிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். டீ வந்தது. முதலில் அக்கா தன்னுடையதை எடுத்து டீப்பாயில் வைத்தார்.

சொல்லத்தான் வேண்டும். அது அந்த வண்டியேதான். யானை நெற்றி இருந்தது. லாரி விளக்கு இருந்தது. ஜீப் வைப்பர் இருந்தது. பெண்கள் ஏறின பக்கத்து மிதிபலகையில் பெயிண்ட் தேய்ந்து தகரம் தெரிந்தது. இனி பெட்டியைத் திறப்பதே வீண் என்று நினைத்தேன்.

ஆனால் ஐயாவின் முகம் மலரவில்லை. குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“என் வண்டிதான் தாயி. இது என் வண்டிதான். ஆனா செத்துக் கெடக்கே” என்றார்.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அக்கா படுத்துப் பார்த்த அன்றைக்கு வண்டி எப்படி நின்றதோ அப்படியே செய்திருந்தார். நாலு டயரும் காற்றுப் போய்ச் சப்பையாக, கமான் பட்டை செத்துப் பின்பக்கம் தரையில் இழைய, அடிபட்ட நாய் உட்கார்ந்த மாதிரி. பல் போன வாயைத்தானே அவர் அச்செடுத்துப் பழகினவர். பொக்கை வாய் எப்படி இருக்கிறதோ அப்படியே எடுத்தால்தான் பல் பொருந்தும். காருக்கும் அதே கையை வைத்துவிட்டார். அடுத்த வாரம் கப்பலேறப் போகிற வண்டிக்குப் பிணக்கோலம் பார்க்கவா அந்த மனுஷன் ஆசைப்பட்டார்?

நான் பெட்டியைத் திறந்தேன்.

ஐயா என் காரைத் தூக்கினார். வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். சக்கரத்தை விரலால் சுண்டினார், சுற்றியது. “இது ஓடும்” என்றார். எழுந்து போய் ஷோகேஸ் கண்ணாடியைத் தள்ளி, மனைவி போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். சர்க்கரை வியாதிக்காரன் ஒளித்து வைத்து அல்வா தின்கிற மாதிரி இருந்தது எனக்கு. அக்கா முகத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்தேன். வாடியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் ஷோகேஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன அந்தக் கட்டின பல் வார்த்தையைச் சொன்னார்.

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஐயாவிடம் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

“ஐயா, உங்க வண்டி ஓடுறப்ப பின்பக்கம் எப்பிடி நிக்கும்?”

“ஏன் தாயி, அது நல்லா எக்கிக்கிட்டு நிக்கும். மாயாபந்தர் ரோட்டுக்குன்னு பட்டை சேத்துப் போட்டிருந்தேன். பொண்ணு மாப்பிள்ளை, பொண்ணோட அத்தைக்காரி, எல்லாரும் ஏறினாத்தான் ஒரு மட்டத்துக்கு வரும்.”

“ஆளு இல்லாமயா, ஏறினப்புறமா? எது வேணும்?”

ஐயா யோசித்தார். எதிரே ஷோகேஸில் இருந்த மனைவி போட்டோவை ஒரு தரம் பார்த்தார். “ஏறினப்புறம்” என்றார்.

அக்கா உள்ளே பார்த்து, ஒரு அகலமான பாத்திரத்தில் கொதிக்கிற தண்ணீர் கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்: பல் செட்டுக்காரர்கள் எடுத்த எடுப்பில் பல்லைக் கெட்டிப்படுத்த மாட்டார்களாம். முதலில் மெழுகில் பல்லை நட்டு, ஆள் வாயில் வைத்துக் கடிக்கச் சொல்லிப் பார்ப்பார்களாம். அக்காவும் காரைக் கடிக்கச் சொல்லிப் பார்க்கத்தான் கொண்டு வந்திருக்கிறார். சக்கரமும் கமான் பட்டையும் இன்னும் மெழுகில்தான் இருந்தன. என்னுடையது ஒட்டி, பூசி, மெருகேற்றி, எல்லாம் முடிந்தது. அதில் இனி யாரும் எதையும் அசைக்க முடியாது.

தண்ணீரில் தன் வண்டியின் அடிப்பாகத்தை மட்டும் தோய்த்தார். மெழுகு இளகியது. கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பின்பக்கத்தை ஒரு நூல் தூக்கினார்.

“இவ்வளவா?”

“இன்னும் கொஞ்சம்.”

“இப்ப?”

“அத்தைக்காரி குண்டு தாயி. இடப்பக்கம் கொஞ்சம் எறக்கு.”

இடப்பக்கம் இறக்கினார். சப்பை டயருக்கு அடியில் நக நுனியால் மெழுகை அழுத்தி உருட்டினார், டயர் நிமிர்ந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். வீட்டு வேலைக்காரப் பெண் நின்றுகொண்டிருந்தாள். ஐயாவோடு இருக்கிற சின்ன மருமகள் அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். வண்டி கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து, யானை இடித்த பக்கம் லேசாகச் சாய்ந்து, உள்ளே யாரோ நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிற மாதிரி நின்றது.

“பஸ்” என்றார் ஐயா, இந்தியில் போதும் என்று. “பஸ், பஸ்.”

பச்சைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்து, புடவைத் தலைப்பால் ஒற்றி, ஐயா நீட்டின ரெண்டு உள்ளங்கையிலும் வைத்தார் அக்கா. மெழுகு நன்றாக இறுகும் வரைக்கும் கையிலேயே வைத்திருங்கள், பிறகு நான் கொண்டுபோய்க் கெட்டிப்படுத்தித் தருகிறேன் என்றார். ஐயா காதில் வாங்கினாரா தெரியவில்லை. காரைக் கண்ணுக்கு நேரே கொண்டுபோய், பின்பக்கக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரை அப்படியே பார்க்க விட்டுவிட்டு அக்கா எழுந்தார். ஷோகேஸ் பக்கம் போனார். என் வண்டி அங்கே பளபளவென்று நின்றது. ஐயா வைத்துவிட்டு வந்தபோது கண்ணாடியைச் சாத்த மறந்திருந்தார்.

“தூசி உள்ள போயிரும் தானே” என்று சொல்லி, என் வண்டி உள்ளே இருக்க, ஓரம் வரைக்கும் கண்ணாடியைத் தள்ளி மூடினார்.